கேள்வி – பதில்: பயிற்சிக்கு யார் காசு போடுவது?

கேள்வி: பள்ளிகள் தனியார் கைக்குப் போனால் ஆசிரியர் பயிற்சி ஏன் தேய்கிறது?

பதில்: பள்ளிச் செலவில் பெரும்பங்கு சம்பளம்தான், முதல் வெட்டும் அங்கேதான். ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் பயிற்சி பெற்றதும் போட்டிப் பள்ளிக்குத் தாவிவிடுவார் என்ற பயம் வேறு. அதனால் நிர்வாகம் பயிற்சிக்குச் செலவழிக்காது.

சிலி நாட்டில் 1981-இல் வவுச்சர் முறை வந்தது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசுப் பணம் தனியார் பள்ளிகளுக்கும் போனது. அரசுப் பள்ளிகள் நகராட்சிகளுக்கு மாற, ஆசிரியர்கள் அரசு ஊழியர் என்ற நிலையை இழந்தார்கள். அவர்களுக்கான தனிச் சட்டம் 1991-இல்தான் வந்தது. இங்கிலாந்தில் 2012-இல், அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் அகாடமிகள் தகுதிச் சான்று இல்லாதவரையும் நியமிக்க அனுமதி கிடைத்தது.

வேலையில் சேருமுன் கேளுங்கள்: பயிற்சி நாளுக்குச் சம்பளம் உண்டா? முதல் ஆண்டில் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத் திருத்த மூத்த ஆசிரியர் இருக்கிறாரா? பாடப்புத்தக நிறுவனம் நடத்தும் அரைநாள் விளம்பரக் கூட்டம் பயிற்சிக் கணக்கில் சேராது!