எம்டிபி சைக்கிளுக்கு ட்ரெய்னர் பொருந்துமா?

கேள்வி: மன்னார்குடியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் ஆற்றங்கரைச் சாலையில் 20 கி.மீ. சைக்கிள் மிதிப்பது வழக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் மழையும் சேறுமாக மூன்று மாதம் ஓட்ட முடிவதில்லை. என்னுடையது 27.5 அங்குல எம்டிபி (மவுண்டன் பைக்). ஏழு கியர், டிஸ்க் பிரேக். வீட்டுக்குள் ஓட்ட, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ட்ரெய்னர் என்ற தாங்கியைத் தேடினால், ‘எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்’ என்று ஆன்லைனில் போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் நம்பி வாங்காதீர்கள். முதலில் உங்கள் பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள்.

ஏழு கியர் எம்டிபிகளில் பெரும்பாலும் பின் அச்சின் இரு முனையிலும் ஸ்பானர் போட்டு இறுக்கும் நட்டுதான் இருக்கும். ட்ரெய்னரோடு வருவதோ ஸ்பானர் இல்லாமல் கையாலேயே இறுக்கும் குயிக் ரிலீஸ் கம்பி. துளையுள்ள அச்சுக்குள்தான் அது நுழையும். சில ட்ரெய்னர்கள் நட்டையே கவ்விக்கொள்ளும். மற்றவற்றுக்குத் தனி அடாப்டர் நட்டு வாங்க வேண்டும். மரை பொருந்த வேண்டுமே, அதனால் பழைய நட்டைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள்.

அடுத்தது டயர். உங்கள் சைக்கிளில் இருப்பது சேற்றைக் கடித்து ஓடும் பல் டயர். ட்ரெய்னரின் இரும்பு ரோலரில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக மோதும். ‘கொர்ர்’ என்ற அந்த அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக்கு நேராக இறங்கும். டயரும் சூட்டில் தேய்ந்து, ரோலருக்குக் கீழே கறுப்புப் பொடி கொட்டிக் கிடக்கும். வழவழப்பான ஸ்லிக் டயர் ஒன்று மாட்டினால் இரண்டும் வெகுவாகக் குறையும். டயரின் பக்கவாட்டில் 54-584 என்பது போல ஓர் எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கம் ஒத்திருந்தால்தான் டயர் உங்கள் ரிம்மில் உட்காரும். 27.5 அங்குலத்துக்கு 584. கடைக்காரர் 26 அங்குலத்தை (559) நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ட்ரெய்னருக்கென்றே தனி டயரும் விற்கிறார்கள். அதைச் சாலையில் ஓட்டக் கூடாது, ஈரத்தில் வழுக்கும். உங்களுக்கு நான் சொல்வது 1.5 அல்லது 1.75 அங்குல அகலமுள்ள சாதாரண ஸ்லிக் டயர். வெயில் அடிக்கும் நாளில் தார்ச்சாலைக்கும் அதிலேயே போய்வரலாம். பொங்கல் வரைக்கும் அந்த ஸ்லிக் டயரே சக்கரத்தில் இருக்கட்டும். பிறகு பல் டயரை மாட்டிக்கொள்ளலாம்.

பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுப் பொருத்தும் டைரக்ட் டிரைவ் வகை சத்தம் குறைவு, விலை பல மடங்கு. ஆனால் ஏழு கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் மரையில் திருகும் ஃப்ரீவீல் என்ற பற்சக்கரத் தொகுப்புதான். அதை அந்த ட்ரெய்னரில் ஏற்ற முடியாது. மூன்று மாதத் தேவைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

டிஸ்க் பிரேக்கால் தொந்தரவு இல்லை. முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங் அமுங்காமல் நிறுத்தும் லாக் இருந்தால் பூட்டிவிடுங்கள். முன்சக்கரத்துக்கு அடியில் பின்சக்கர உயரத்துக்குச் சரியாக ஒரு கட்டை, ட்ரெய்னருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு. முகத்துக்கு நேரே மின்விசிறி கட்டாயம்: எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை கொட்டும், ஹேண்டில்பார் போல்ட்டுகளில் அந்த உப்பு இறங்கித் துருவேறும். ஹேண்டில்பார் மேலே ஒரு துண்டு போட்டுவிடுங்கள்.

ஆர்டர் போடும் முன் விற்பனையாளரிடம் ‘27.5 அங்குலம், நட்டு அச்சு, பொருந்துமா?’ என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்றால், திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றே சைக்கிளை ஏற்றி அரைமணி நேரம் மிதித்துப் பாருங்கள். மழை வரட்டும் என்று பரணில் போட்டுவைத்தால், திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்துபோகும்.