சித்தியின் ஆறு பவுனும் கிரெடிட் கார்டும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளி விலை ஏறியதில் ஆர்டர் பாதியாகிவிட்டது. நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 38,000 ரூபாய் வருகிறது. வாடகை, சாப்பாடு, பையன் ஃபீஸ் போக 17,000 நிற்கும். என் பெயரில் பர்சனல் லோன் பாக்கி 4,20,000, தவணை 12,200. அவருடைய இரண்டு கிரெடிட் கார்டில் 1,60,000, மினிமம் 8,000. லோன் ஆப்களில் 45,000. மாதம் 9,000 போகிறது. தெருச் சீட்டை முன்னாடியே எடுத்துவிட்டோம், இன்னும் 11 மாதம் 5,000 கட்ட வேண்டும். போன ஆடியில் சித்தியிடம் ஆறு பவுன் வாங்கி, கூட்டுறவு வங்கியில் 2 லட்சத்துக்கு அடகு வைத்துத்தான் கார்டுக்கும் ஆப்புக்கும் கட்டினோம். அதற்கு வட்டி மாதம் 1,500 ஆகிறது. இப்போது ஒரு கம்பெனிக்காரர், "எல்லாத் தவணையையும் நிறுத்துங்கள், எங்களுக்கு மாதம் 7,500 கட்டுங்கள், 40 சதவீதத்தில் முடித்துத் தருகிறோம்" என்கிறார். கணவர் சரி என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாங்கிய கடனைக் கட்டாமல் விடுவது பாவம் இல்லையா? கையில் 700 கிராம் சொந்த வெள்ளி இருக்கிறது. விற்றால் ஒரு லட்சம் சொச்சம் வரும். இன்னும் ஏறும் என்று வைத்திருக்கிறோம்.
பெயர் வேண்டாம், சேலம்

பதில்: பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

நான் அம்மாப்பேட்டையில் வளர்ந்தவன். சின்ன வயதில் எங்கள் தெருவில் தறி வைத்திருந்த ஒருவர், திவாலாகிவிட்டேன் என்று மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார். நூல் கடைக்காரர்கள் ஒரு வாரம் கத்தினார்கள், பிறகு அடுத்த வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை அவரிடம் கைமாற்றாகக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப்போனது. சட்டம் இரண்டு கடனையும் ஒரே வரிசையில்தான் வைத்தது. எனக்கு அவை ஒன்றாகத் தெரியவில்லை, இன்றைக்கும்.

கிரெடிட் கார்டு கொடுக்கும் வங்கி, நூறு பேரில் சிலர் கட்டமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் மாதம் மூன்றரை சதவீத வட்டி வைக்கிறது. உங்கள் சித்தி அப்படி எந்தக் கணக்கும் போடவில்லை. சீட்டுப் பிடிக்கும் அம்மாவும் போடவில்லை. நீங்கள் நிறுத்தினால் அடுத்தடுத்துச் சீட்டு எடுப்பவர்களுக்கு அவர்தான் கைக்காசு போட வேண்டும். தெருச் சீட்டு பதிவில்லாத சீட்டு என்பதால், கோர்ட்டுக்குப் போகவும் அவருக்குத் தெம்பு இருக்காது. வங்கியின் நஷ்டம் ஆயிரம் பேர் மேல் பரவும். இவர்களுடைய நஷ்டம் அவரவர் கழுத்தில் விழும்.

நீங்கள் செய்து வருவது இதற்கு நேர் எதிர். போன் போட்டு மிரட்டுகிறவருக்கு முதலில் கட்டுகிறீர்கள். அதற்கான பணத்தை வாய் திறக்காதவரிடம் வாங்குகிறீர்கள். மாதம் கேட்கப்படும் தொகை 35,700, கையில் இருப்பது 17,000. குறைகிற 18,700-ஐ ஒரு மாதம் புது ஆப் அடைக்கிறது, இன்னொரு மாதம் கார்டு, ஆடியில் சித்தியின் கழுத்து. இந்தப் பழக்கம் நிற்காத வரை வேறு எந்த யோசனை சொன்னாலும் வீண்.

இப்போது அந்த 700 கிராம் வெள்ளி. இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் முதலில் படித்தது இதைத்தான். கட்ட முடியவில்லை என்பது வேறு, கட்ட மனமில்லை என்பது வேறு. வெள்ளியை பீரோவில் வைத்துக்கொண்டு "கட்ட முடியவில்லை" என்று வங்கிக்கு எழுதினால், அந்த இடத்தில்தான் உங்கள் மனசாட்சி உறுத்த வேண்டும். கணக்கும் உங்கள் பக்கம் இல்லை. கார்டு வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம், அந்த வட்டித் தொகைமேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆக, ஏறக்குறைய 50 சதவீதம். வெள்ளி ஒரே ஆண்டில் பாதி விலை கூடினால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். பங்குச் சந்தையில் வாங்கும் வெள்ளி இ.டி.எஃப்., டிஜிட்டல் வெள்ளி என்று இப்போது ஊரே பேசுகிறது. பட்டறைக்காரர் வீட்டிலும் அந்த ஆசை வந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெள்ளி ஏறினால் ஆர்டர் எப்படிப் படுக்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

விற்றுவிடுங்கள். வருகிற ஒரு லட்சத்து ஐந்தாயிரம் போல உள்ள பணத்தில் ஆப் கடன் 45,000-ஐ ஒரே மூச்சில் முடியுங்கள். அதற்கு முன்னால், அந்த ஆப்கள் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத ஆப் உங்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். கைக்கு வந்த அசலை நீங்கள் கட்டத்தான் வேண்டும். அவர்கள் இஷ்டத்துக்குப் போட்ட அபராதத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீதி 60,000 கார்டுக்கு. பாக்கி ஒரு லட்சமாகிவிடும். கார்டை வெட்டிப் போட்டுவிட்டு, அந்தப் பாக்கியை மூன்று ஆண்டுத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். 18 சதவீத வட்டி என்றால் மாதம் 3,600 வரும். பர்சனல் லோனுக்குக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். 8,500-க்கு இறங்கினால் பெரிய காரியம். சீட்டு 5,000, நகை வட்டி 1,500 சேர்த்தால் மொத்தம் 18,600. உங்களிடம் 17,000. இடிக்கிறது, ஆனால் 1,600 ரூபாய்தான் இடிக்கிறது. பதினொரு மாதத்தில் சீட்டு முடிந்ததும் 5,000 விடுபடும். அதை அப்படியே சித்தியின் நகைக்குத் திருப்புங்கள்.

வங்கி ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? சீட்டுக்கும் நகை வட்டிக்கும் கார்டுக்கும் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சுகிற 6,900-ஐ பர்சனல் லோனுக்குக் கட்டுங்கள். வருமானம் குறைந்ததற்கான கணக்கோடு ஒரு கடிதம் கொடுத்து, கிளையில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடனாகக் குறிப்பார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழும். விழட்டும். வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அழைத்தால் தேதியும் நேரமும் எழுதி வைத்து வங்கிக்கே புகார் கொடுங்கள். ஆர்டர் திரும்பவே இல்லை, கையில் விற்க ஒன்றும் இல்லை என்ற நிலை வந்தால் குறைந்த தொகைக்கு சமரசம் பேசுங்கள். அதில் பாவம் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொல்லிக் கேட்கிறீர்கள், வங்கி யோசித்துச் சம்மதிக்கிறது. ஆனால் "முடிந்தது" என்பதற்குப் பதில் "செட்டில்" என்று சிபிலில் பதிவாகும், ஏழு ஆண்டு வரைக்கும் அது கூடவே வரும்.

இதற்கு அந்தக் கம்பெனி எதற்கு? சமரசத் தீர்வுக்கென்று ஒவ்வொரு வங்கியும் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; அங்கே மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் கிடையாது. மாதம் 7,500 என்றால் ஆண்டுக்கு 90,000. அதில் ஒரு ரூபாய்கூட வங்கிக்குப் போகும் என்று அவர் உங்களுக்கு எழுதித் தரவில்லை. இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். கடன் கட்டாதது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வராது. ஆனால் தவணைக்காகக் கொடுத்த செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு வரலாம். வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் அதே மாதிரி 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. "சும்மா நிறுத்துங்கள்" என்று சொல்கிறவர் அந்த வழக்குக்கு வந்து நிற்கமாட்டார்.

உங்கள் கணவரிடம் நீங்களே இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சித்தி வீட்டுக்குப் போங்கள். ஆடியில் வைத்த நகைக்கு அடுத்த ஆடியோடு ஓராண்டுக் கெடு முடியும், அதற்குள் புதுப்பிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். அது அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. அடகு ரசீதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.