கப்பலில் சொந்த ஒயின்: கேட்டதும் சொன்னதும்

பதினோரு வருடமாக அமெரிக்காவில் கப்பல் பயணங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். பால்கனி கேபினா, ஜன்னல் கேபினா என்பதற்கு அடுத்தபடியாக என்னிடம் வரும் கேள்வி, "வீட்டில் இருக்கும் ஒயினை எடுத்துக்கொண்டு போகலாமா?" என்பதுதான். கேட்கக் கூச்சப்பட்டு, தெரியாமலே போய், துறைமுகத்தில் வரிசையில் நின்று முழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால் இன்றைக்கு அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு டல்லாஸில் இருந்து காரில் கால்வெஸ்டன் போய் கார்னிவல் கப்பல் ஏறுகிறோம். ஒரு நல்ல பாட்டில் கையோடு கொண்டு போகலாமா?

தாராளமாக. 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 750 மில்லி ஒயினோ ஷாம்பெயினோ ஒரு பாட்டில் கணக்கு. நீங்கள் இரண்டு பேர் என்பதால் இரண்டு பாட்டில். மூடி திறக்காமல் முத்திரையோடு இருக்க வேண்டும், ஏறும் முதல் நாளிலேயே கொண்டு வர வேண்டும், கைப்பையில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு ஊரில் இறங்கி வாங்கி வந்தால் இந்தச் சலுகையில் சேராது.

கேபினிலோ பால்கனியிலோ உட்கார்ந்து குடித்தால் காசு கிடையாது. சாப்பாட்டு ஹாலுக்கோ பாருக்கோ எடுத்துப் போனால் பாட்டிலுக்கு 15 டாலர் கார்க்கேஜ், அதாவது மூடி திறந்து ஊற்றிக் கொடுக்கும் கூலி. ராயல் கரீபியன் கம்பெனியின் கப்பல்களிலும் கிட்டத்தட்ட இதே விதி, இதே 15 டாலர்.

பாட்டிலைவிட அதை எங்கே திறக்கிறீர்கள் என்பதில்தான் காசு இருக்கிறது. கல்யாண நாள் என்றால் என் யோசனை, பால்கனியில் சூரியன் இறங்கும் நேரத்தில் ஒன்றைத் திறங்கள். ஹாலில் கூட்டமாகப் பாட்டுப் பாடி வாழ்த்தும்போது இன்னொன்றைத் திறந்து, 15 டாலர் கொடுத்தாலும் தப்பில்லை.

கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? பெரிய சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்துவிட்டால் என்ன?

வைக்காதீர்கள். என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் முறை போனபோது என் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டியில் பாட்டிலைச் சுற்றி, என் புடவைகளுக்கு நடுவே வைத்து, துறைமுக வாசலில் போர்ட்டரிடம் சூட்கேஸைக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் கேபின் வாசலுக்குப் பெட்டி வந்தது. கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம், கருஞ்சிவப்பு. திறந்தால் புளித்த திராட்சை வாசனை. வேட்டி முழுக்கக் கறை, நடுவில் கண்ணாடித் தூள். மாம்பழக் கலர் பருத்திப் புடவை ஒன்று அதோடு போயிற்று. எத்தனை கை மாறி, எத்தனை வண்டி ஏறி இறங்கி வருகிறது அந்தப் பெட்டி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

உடையாமல் போனாலும் சிக்கல் உண்டு. எல்லாப் பெட்டிகளும் ஸ்கேன் வழியாகத்தான் போகும். பாட்டில் தெரிந்தால் உங்கள் பெட்டியைத் தனியாக எடுத்து ஒரு அறையில் வைத்துவிடுவார்கள். கப்பலில் அடிக்கடி போகிறவர்கள் அதற்கு 'நாட்டி ரூம்', அதாவது சேட்டைக்காரர் அறை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஊரே குளித்து உடை மாற்றிச் சாப்பிடப் போகும்போது நீங்கள் அங்கே போய், அவர்கள் எதிரில் உங்கள் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். இவ்வளவும் அனுமதி உள்ள ஒரு பாட்டிலுக்காக.

நாங்கள் சிகாகோவில் இருந்து விமானத்தில் மயாமி போகிறோம். விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்களே?

உண்மைதான். விமானத்துக்கு ஒரு விதி, கப்பலுக்கு நேர் எதிர் விதி. விமானத்தில் பாட்டிலை செக்-இன் பெட்டியில்தான் போட முடியும். 24 சதவீதத்துக்குக் குறைந்த மதுவுக்கு அங்கே அளவுக் கட்டுப்பாடு இல்லை, ஒயின் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் துறைமுகத்தில் போர்ட்டரிடம் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால், ஹோட்டலிலேயே பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அதைவிடச் சுலபம், போன இடத்தில் வாங்குவது. ஃபோர்ட் லாடர்டேலில் ஏறுகிறவர்களுக்கு துறைமுகத்துக்குப் பக்கத்தில் 17ஆம் தெருவிலேயே சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. திருகு மூடி பாட்டிலாகப் பார்த்து வாங்கினால் கார்க் திருகி தேடி அலைய வேண்டாம்.

நார்வீஜியன் கப்பலில் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காசு. 750 மில்லி பாட்டிலுக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கு 30 டாலர், ஏறும்போதே கணக்கில் எழுதிவிடுவார்கள். கேபினில் குடித்தாலும் அதே காசுதான். அட்டைப்பெட்டி ஒயினுக்கு அங்கே இடமில்லை.

இதில் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று. கூலி பாட்டிலுக்குத்தான், ஒயினின் விலைக்கு இல்லை. 9 டாலர் ஒயினைக் கொண்டு போய் 15 டாலர் கூலி கொடுப்பது வீண். 40 டாலர் ஒயினைக் கொண்டு போனால் மொத்தம் 55 ஆகிறது. அதே தரத்தில் ஒன்றைக் கப்பலின் பட்டியலில் தேடினால் விலை எங்கேயோ நிற்கும், அதன் மேல் 18, 20 சதவீதம் சர்வீஸ் வேறு. அதனால் கூலி கொடுக்கிற கப்பலுக்கு நல்ல ஒயினாகக் கொண்டு போங்கள்.

மற்ற கம்பெனிகள் எப்படி, மேடம்?

பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா இரண்டிலும் ஆளுக்கு ஒரு பாட்டில் இலவசம். அதற்கு மேலும் கொண்டு வரலாம், கூடுதல் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 டாலர். டிஸ்னி கொஞ்சம் தாராளம்: பெரியவர் ஒருவருக்கு இரண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு பீர். ஏறும் நாளில் மட்டுமில்லாமல் ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்த அளவு கொண்டு வரலாம். குழந்தைகளுக்கான கப்பல் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வைக்கிங் கடல் கப்பல்களில் கூலியே கிடையாது. எம்எஸ்சியில் வெளி மது எதையும் ஏற்ற விடமாட்டார்கள்.

இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முந்தின வாரம் கம்பெனியின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விஸ்கியை மவுத்வாஷ் பாட்டிலில் ஊற்றிக் கொண்டு போகிறார்களாமே அக்கா? நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்யச் சொல்கிறார்.

வேண்டாம் தம்பி. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பச்சை நிறம் கலந்து ஊற்றுவது, சன் ஸ்க்ரீன் டப்பாவில் ஊற்றுவது, இதற்கென்றே விற்கிற பிளாஸ்டிக் பைகள், எல்லாம் பாதுகாப்பு ஆட்களுக்கு அத்துப்படி. பிடித்தால் கீழே கொட்டிவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. டிக்கெட்டோடு நீங்கள் ஒப்புக்கொள்கிற ஒப்பந்தத்தில் ஏற்றாமல் விடவும், நடுவழியில் இறக்கிவிடவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. குடும்பத்தோடு நிற்கும்போது பிள்ளைகள் எதிரில் அந்த நிலைமை வர வேண்டுமா? தினமும் பல கிளாஸ் குடிப்பவர் என்றால் டிரிங்க்ஸ் பேக்கேஜ், அதாவது பானங்களுக்கு மொத்தமாகக் காசு கட்டிவிடும் திட்டம், வாங்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டிலும் ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும்.

மத்தியதரைக் கடல் பயணத்தில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் இறங்கி கியான்டி ஒயின் வாங்க ஆசை. வாங்கினால் பிடுங்கிக்கொள்வார்களா?

பிடுங்க மாட்டார்கள். பெரும்பாலான கம்பெனிகள் வாசலிலேயே வாங்கி, சீட்டு கொடுத்து, கடைசி நாளன்று திருப்பித் தருவார்கள். கப்பலுக்குள் இருக்கும் தீர்வையில்லாக் கடையில் வாங்கினாலும் இப்படித்தான். சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கரீபியன் போய் அமெரிக்கா திரும்புகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 21 வயது நிரம்பியவருக்குப் பொதுவாக 1 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. செயின்ட் தாமஸ் போன்ற அமெரிக்க வர்ஜின் தீவுகளில் வாங்கினால் 5 லிட்டர் வரை சலுகை, அதில் 1 லிட்டராவது அங்கே தயாரானதாக இருக்க வேண்டும். செயின்ட் குரோயில் காய்ச்சும் குருசான் ரம் ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். டல்லாஸ் தங்கச்சி, நீங்களும் கேளுங்கள்: கால்வெஸ்டனில் இறங்கும்போது டெக்சஸ் மாநில மதுபானத் துறை ஆட்கள் முனையத்திலேயே இருப்பார்கள். வெளிநாட்டில் வாங்கி வருவதற்கு மாநில வரி தனி. 'தீர்வையில்லாக் கடை' என்று பலகை இருந்தாலும் இந்த வரி உண்டு.

சிங்கப்பூரில் இருந்து மூன்று இரவுப் பயணம், பினாங்கு போய் வருகிறோம். இங்கேயும் 21 வயதா?

ராயல் கரீபியனுக்கு ஆசியப் பயணங்களில் 18 வயது. ஒரு பாட்டில் விதி அதேதான். ஆனால் பினாங்கில் மது வாங்கி வரும் எண்ணம் இருந்தால் கவனம். சிங்கப்பூரின் தீர்வைச் சலுகை, 48 மணி நேரமாவது வெளியே இருந்துவிட்டு வருபவர்களுக்குத்தான், அதிலும் மலேசியாவில் இருந்து வருபவர்களுக்குக் கிடையாது. கையில் இருப்பதைச் சொல்லி வரி கட்டிவிடுவது நல்லது.

நாங்கள் யாரும் குடிப்பதில்லை. ஜூஸ், சோடா கொண்டு போகலாமா?

போகலாம். கார்னிவலில் ஆளுக்கு 12 டின் அல்லது அட்டை டப்பா, கைப்பையில். பாட்டிலாக இருக்கக் கூடாது, தண்ணீர் பாட்டிலும் கூடாது.

கடைசியாக ஒன்று அக்கா. ஹாலில் திறந்த பாட்டிலை ஒரே வேளையில் முடிக்க முடியாவிட்டால்?

முடிக்க வேண்டியதே இல்லை. பரிமாறுபவரிடம் சொல்லுங்கள். மூடி போட்டு, பாட்டில் கழுத்தில் உங்கள் கேபின் எண் எழுதிய சீட்டைக் கட்டி எடுத்து வைப்பார். மறுநாள் ராத்திரி நீங்கள் நாற்காலியை இழுத்து உட்காரும்போது அது மேசைக்கு வந்துவிடும். இரண்டாம் நாளுக்குத் திரும்பவும் 15 டாலர் கேட்க மாட்டார்கள், கூலி பாட்டிலுக்கு ஒரு தடவைதான்.