ஜீப்புக்காக வைத்த நகையை மூன்றாவது முறையும் மறு அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன்; பிடித்தம் போக 78,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. அவருக்குச் சம்பளம் 24,000 ரூபாய். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 1973-ல் பதிவான மகிந்திரா சி.ஜே.3பி பெட்ரோல் ஜீப் ஒன்றை 2023-ல் 2,40,000 ரூபாய் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். அதை முழுமையாகச் சீரமைத்து ஜெய்சால்மர் மணல்மேடுகளில் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சித்தி மகன் பட்டறை வைத்திருப்பதால் வேலையை அவனிடமே ஒப்படைத்தேன். மனைவியின் 12 பவுன் நகையை 12 சதவீத வட்டிக்கு அடகு வைத்து முதலில் 1,60,000 ரூபாய் வாங்கினேன். ஓராண்டு கழித்து மறு அடகு வைத்தபோது கடன் 2,90,000 ஆனது. அதற்கடுத்த ஆண்டு 4,60,000. என்ஜின் போரிங், டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்துவிட்டன. இப்போது டீசல் என்ஜினுக்கு மாற்ற 95,000, ஐந்து மட் டயருக்கு 45,000, சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுத்தெடுக்கும் விஞ்சுக்கு 44,000 என்று தம்பி பட்டியல் தந்திருக்கிறான். நகைக் கடனுக்கு இன்னும் மூன்று மாதத்தில் கெடு முடிகிறது. 7,00,000 ரூபாய் வரை தருவதாகச் சொல்கிறார்கள். மகளின் கல்லூரிக்காக எஸ்.ஐ.பி. என்ற மாதாந்திர முதலீட்டின் வழியே சேர்த்த 3,80,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டை ஈடாக வைத்து, ஒரு செயலி மூலம் ஐந்து நிமிடத்தில் கடன் வாங்கலாம் என்கிறார் நண்பர். இரண்டில் எது நல்லது? முதல் அடகு மனைவிக்குத் தெரியும். தொகை ஏறியது தெரியாது. தூக்கம் வருவதில்லை.

பதில்: இரண்டுமே வேண்டாம். வீட்டுக் கடன், காப்பீடு, எஸ்.ஐ.பி. ஆகியவற்றை நீங்கள் ஒழுங்காகவே நடத்திவருவது கடிதத்துடன் இணைத்த வரவு செலவுக் கணக்கில் தெரிகிறது. ஆகவே அவற்றைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த மாட்டேன். ஜீப் வாங்கியதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். அது சேமிப்பில் வாங்கிய வண்டி. உழைக்கிற மனிதருக்கு இப்படி ஓர் ஆசை இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஆண்டுதோறும் வட்டியை அசலில் ஏற்றி நகையை மறு அடகு வைக்கும் பழக்கம் ஒன்றுதான்.

நீங்கள் அனுப்பிய அடகுச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் ஆண்டு முடிவில் 1,60,000-க்கு வட்டி 19,200 ரூபாய். அதை நீங்கள் கையிலிருந்து கட்டவில்லை. புதிய கடனான 2,90,000-லிருந்து பழைய அசலையும் வட்டியையும் பிடித்துக்கொண்டு 1,10,800 ரூபாயை உங்களிடம் கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டு வட்டியான 34,800-ம் அதே வழியில் 4,60,000-க்குள் போனது. அப்போது கையில் கிடைத்தது 1,35,200 ரூபாய். மூன்று முறையும் கைக்கு வந்ததைக் கூட்டினால் 4,06,000 ரூபாய்தான் வருகிறது. மீதி 54,000 ரூபாய் ஜீப்பின் ஓர் ஆணியாகக்கூட மாறவில்லை. அது வட்டி, அந்த வட்டிக்கும் இப்போது நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். மூன்று மாதம் கழித்து நீங்கள் தரவேண்டியது 4,60,000-ம் அதற்கான 55,200 வட்டியும் சேர்ந்து 5,15,200 ரூபாய்.

இது இத்தனை நாள் சுமையாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் தங்கத்தின் விலை. 2023-ன் நடுவில் ஒரு பவுன் ஏறக்குறைய 44,000 ரூபாய்க்கு விற்றது. அதன்பின் அது இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. அதே வளையலையும் அதே ஆரத்தையும் தராசில் வைத்தால் ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் பணம் கிடைத்ததால், நகை தானாகவே ஜீப்புக்குச் செலவழிக்கிறது என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிட்டது. ஏறிய விலை உங்கள் மனைவியின் சொத்துக்கு வந்த ஏற்றம். அதன் மேல் வாங்கியது உங்கள் கடன். விலை இறங்கினாலும் கடன் இறங்காது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்ன நெறிமுறைகளின்படி, ஒரே தவணையில் திருப்பும் நகைக் கடனுக்குக் கெடு 12 மாதம்தான். சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே அதைப் புதுப்பிக்க முடியும். 5,00,000 ரூபாய்க்கு மேற்பட்ட கடன் நகை மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டியைக் கடனுக்குள் மறைத்துத் தள்ளிக்கொண்டே போன பாதை இத்துடன் குறுகிவிட்டது, அது உங்களுக்கு நல்லதே.

இனி தம்பியின் பட்டியலுக்கு வருகிறேன். 95,000, 45,000, 44,000 ஆகிய மூன்றையும் கூட்டினால் 1,84,000 ரூபாய். 7,00,000 ரூபாய் கடன் வாங்கிப் பழைய பாக்கி 5,15,200-ஐக் கழித்தால் கையில் நிற்பது 1,84,800 ரூபாய். எவ்வளவு கடன் கிடைக்கும் என்பது தெரிந்த பிறகே இந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது என்று நான் சந்தேகிக்கிறேன். தம்பி ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. அண்ணனிடம் பணம் வருகிறது என்று தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் வேலை அந்த அளவுக்கு வளரும். அப்படி 7,00,000 வாங்கினால் அடுத்த ஆண்டு வட்டி மட்டும் 84,000 ரூபாய், அதாவது அசலில் ஒரு ரூபாயும் குறையாமல் மாதம் 7,000.

பட்டியலில் உள்ளவை தேவைதானா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது 2.2 லிட்டர் ஹரிக்கேன் என்ஜின். உள்ளிழுக்கும் வால்வு மேலே உள்ள ஹெட்டிலும் வெளியேற்றும் வால்வு அதன் கீழே உள்ள பிளாக்கிலும் அமைந்த, உயரமான என்ஜின். அந்த உயரத்துக்கு இடம் கொடுக்கவே சி.ஜே.3பி-யின் பானெட் அப்படித் தூக்கி நிற்கிறது. அந்த என்ஜினுக்குக் கடன் பணத்தில் போரிங் செய்து முடித்துவிட்டு, இப்போது அதையே கழற்றி டீசல் என்ஜினை ஏற்றுவது, செலவழித்த பணத்தைப் பட்டறை மூலையில் போட்டுவிட்டு மறுபடியும் செலவழிப்பதாகும். மேலும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது, ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றிவிட்டு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனத்திடம் உங்களுக்குப் பேச வாய் இருக்காது.

மட் டயரின் பெரிய பற்கள் சேற்றுக்கு நல்லவை; இளகிய மணலில் அவை பள்ளம் தோண்டும். மணலில் ஓட்டுபவர்கள் முதலில் செய்வது டயரின் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவது, அதற்குக் காற்றுமானியும், தார்ச்சாலைக்குத் திரும்பும்போது மறுபடி காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரஸரும் போதும். விஞ்ச்சின் கம்பியைக் கட்ட ஒரு மரமோ பாறையோ வேண்டும். மணல்மேட்டில் எதில் கட்டுவீர்கள்? அங்கே வண்டியை மீட்பது மண்வெட்டியும் இழுவைப் பட்டையும் உடன் வரும் இரண்டாவது வண்டியும்தான்.

நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் எனக்கு வேறொன்று உறுத்தியது. வண்டி மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது, பச்சைப் பெயின்ட் பளபளக்கிறது, ஆனால் முன் சக்கரத்தின் உள்பக்கம், ஆக்ஸில் வளையும் இடத்தில், எண்ணெய் வழிந்து தூசி படிந்த கறை தெளிவாகத் தெரிகிறது. பிரேக் வேலை பாக்கி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரேக்கும் ஆயில் சீலும் முடியாத வண்டிக்குப் பெயின்ட் ஏன் அடிக்கப்பட்டது என்று தம்பியிடம் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் வேலை முதலில் முடிந்தால் அடுத்த பணம் கேட்பது எளிதாகிறது. ஓட்டுவதற்குத் தேவையான வேலை கடைசிக்குப் போகிறது.

பழைய ஜீப் ஒரு முதலீடு, விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் விலை தானாக ஏறும் என்று தம்பி சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் உள்ள வண்டியே விண்டேஜ். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். வழக்கமான பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. டீசல் என்ஜினும் விண்டேஜ் பதிவும் ஒரே வண்டிக்குப் பொருந்தாது. விண்டேஜ் பதிவும் உங்கள் பாலைவன ஆசையும்கூடப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது தகுதிச் சோதனையில் தேறி, சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்ட ஒரு வண்டி. வாங்கிய விலை 2,40,000, நகைக் கடனில் வந்த 4,06,000, வட்டி 54,000, இவற்றுடன் கடந்த ஓராண்டில் தம்பிக்கு ஜிபே மூலம் சிறிது சிறிதாக அனுப்பிய 1,32,000 ரூபாயையும் சேர்த்தால் ஜீப்பின் அடக்கம் 8,32,000 ரூபாய். உறவில் இல்லாத ஒருவரிடம் வண்டியைக் காட்டி விலை கேளுங்கள். முதலீடு என்ற சொல்லை அதன்பின் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

ஃபண்டை ஈடு வைக்கும் செயலியைப் பற்றி எனக்குப் பொறுமை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பங்குச் சந்தை ஃபண்டுகளுக்கு வழக்கமாகப் பாதி மதிப்பு வரைதான் கடன் தருவார்கள். உங்களுக்கு ஏறக்குறைய 1,90,000 கிடைக்கும். சந்தை சரிந்தால் இடைவெளியைப் பணமாகக் கட்டச் சொல்வார்கள், கட்டாவிட்டால் விலை குறைந்த நேரத்திலேயே யூனிட்டுகளை விற்றுவிடுவார்கள். இரண்டே ஆண்டில் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் பணத்தை அந்த நிலையில் நிறுத்த நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

வழி உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. இருவர் வருமானம் 1,02,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 21,500, வீட்டுச் செலவு 42,000, எஸ்.ஐ.பி. 8,000, மகளின் படிப்பு 8,000, காப்பீடு 3,500 என 83,000 போனால் 19,000 மிஞ்ச வேண்டும். மிஞ்சாமல் போவதற்குப் பெரிய காரணம் அந்த ஜிபே. மூன்று மாதம் அதை நிறுத்தி, மற்றச் சில்லறைச் செலவுகளையும் அடக்கினால் 57,000 சேரும். கெடு நாளில் 55,200 வட்டியைக் கையிலிருந்து கட்டிவிடலாம். அன்றே மீதி 4,60,000-ஐ மாதத் தவணையில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் நகைக் கடனாக மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் அப்படித் தரும் வங்கிக்கு மாற்றுங்கள். இதே 12 சதவீதத்தில் 36 மாதத்துக்குத் தவணை ஏறக்குறைய 15,300 ரூபாய். மூன்று ஆண்டில் மொத்த வட்டி சுமார் 90,000, முடிவில் 12 பவுனும் வீட்டில் இருக்கும். இப்போதைய வழியில் அதே மூன்று ஆண்டுக்கு வட்டி 1,65,600 ரூபாய், கடன் அப்படியே நிற்கும். போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள். வட்டி குறைவான வங்கி கிடைத்தால் இன்னும் நல்லது.

தவணை போக மாதம் 3,700 ரூபாய் ஜீப்புக்கு உண்டு, ஆண்டுக்கு 44,400. இதை வரிசைப்படி செலவழியுங்கள்: பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் முதலில், அடுத்து முன் ஆக்ஸில் சீல், பிறகு ரேடியேட்டர். பெட்ரோல் குழாய் என்ஜின் சூட்டுக்கு அருகில் போனால் வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும்; அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இன்றும் பழைய ஜீப்புகள் மலையேறுவதால், அந்தப் பக்கத்து மெக்கானிக்குகளிடம் உதிரிபாக விலை கேட்டுத் தம்பியின் விலையுடன் ஒப்பிடலாம். தம்பியிடம் இனி ஒவ்வொரு வேலைக்கும் பொருள் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து வண்டியைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். “அண்ணா, இன்னும் பத்தாயிரம் போட்டால் வண்டி எழுந்துவிடும்” என்று அவர் அழைத்தால், எழுதிக்கொடு என்பதே உங்கள் பதில். சித்தி வருந்துவார் என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. எழுத்தில் கணக்கு இருந்தால் பின்னாளில் சித்தியிடம் மனத்தாங்கல் வருவதற்கும் இடமில்லாமல் போகும்.

பாலைவனம் இந்தக் குளிர்காலத்தில் வேண்டாம். கோவையிலிருந்து ஜெய்சால்மர் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். உங்கள் வண்டி அலுக்காமல் ஓடும் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகவே 40 மணி நேரம், அதாவது ஐந்து நாள்; திரும்ப ஐந்து நாள். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றாலும் போய்வர 600 லிட்டர் பெட்ரோல், 60,000 ரூபாய்க்கு மேல். மணலில் தாழ்ந்த கியரில் ஓட்டும் பெட்ரோல் தனி. கடன் பாதி அடைந்த பிறகு, நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில், ஜோத்பூர் வரை ரயிலில் மனைவியையும் மகளையும் அழைத்துச் சென்று, ஜெய்சால்மரை அடுத்து மணல்மேடுகள் உள்ள சாம் அல்லது குரியில் உள்ளூர் ஓட்டுநரின் ஜீப்பில் ஒரு நாள் உட்கார்ந்து, அவர் மணலை எப்படிப் படிக்கிறார் என்று பாருங்கள். அப்பகுதியில் தேசியப் பூங்கா எல்லையும் நாட்டின் எல்லையும் அருகில் இருப்பதால், சொந்த வண்டியில் போகும் நாளிலும் எந்தத் தடத்துக்கு அனுமதி வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டு அறியலாம். தமிழ்நாட்டிலேயே செம்மணல் இருக்கிறதே என்று தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரிக்குள் வண்டியை இறக்கிவிடாதீர்கள், அது காப்புக்காடு.

இவை அனைத்துக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மூன்று அடகுச் சீட்டுகளையும் எடுத்து இன்றிரவே மனைவியிடம் கொடுங்கள். நகை அவருடையது, மூன்று ஆண்டுத் தவணையை அவருடைய சம்பளமும் சேர்ந்தே கட்டப்போகிறது. ஆகவே ஜிபேயை நிறுத்தும் முடிவும் வண்டிக்கு மாதம் 3,700 ஒதுக்கும் முடிவும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். ஜீப்பை விற்றுவிடுவோம் என்று அவர் சொன்னால், இந்தக் கணக்கை அவருடன் உட்கார்ந்து மறுபடி போடுங்கள். அப்போது வரும் விலை முழுவதும் நேராக அசலுக்குப் போகட்டும்.