டியூப் மைக் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்ய 30,000 ரூபாய் வைத்திருக்கிறேன். டியூப் மைக் வாங்கலாமா, சாதாரண கண்டன்சர் போதுமா? (திருச்சி வாசகி)

சாதாரண கண்டன்சரே போதும், அதாவது உள்ளே டியூப் இல்லாத கண்டன்சர் மைக். (டியூப் என்பதும் வால்வு என்பதும் ஒன்றுதான்: பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்.) அந்த விலைக்குள் வரும் டியூப் மைக்கில் பவர் சப்ளை, 7 பின் கேபிள், ஷாக் மவுண்ட், அலுமினியப் பெட்டி என்று பணம் பிரிந்துவிடும். குரலை முதலில் வாங்கும் காப்ஸ்யூலுக்கு அதிகம் மிஞ்சாது. ரோட் என்டி1 போல ஒன்றை எடுங்கள். அதன் சுய இரைச்சல், அதாவது மைக்கே உண்டாக்கும் சத்தம், 5 டெசிபலுக்கும் கீழே. டியூப் மைக்குகளில் 10, 15 எல்லாம் சகஜம். மெல்லிய குரலில் பாடுகிறவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே கேட்கும். மிச்சப் பணத்தை அறைக்குச் செலவிடுங்கள்: பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கனமான ரஜாய், தரையில் ஜமக்காளம், பக்கச் சுவரில் துணி நிறைந்த அலமாரி. முதலில் அறை, பிறகு மைக்.

நல்ல டியூப் மைக் எது? உடனே சொல்லவும்.

பாடுவது ஆணா பெண்ணா, குரல் கனமா மெல்லிசா, அறை எப்படி இருக்கும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் எது, எவ்வளவு பணம்? ஒன்றைக்கூட எழுதவில்லை. இத்தனையும் தெரியாமல் நான் ஒரு பெயரைச் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

டியூப் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டுமா?

வேண்டாம். ஃபேண்டம் என்பது இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம். டியூப் மைக்குக்குக் கூட வரும் பவர் சப்ளையே எல்லாவற்றையும் கொடுத்துவிடும். ஃபேண்டமிலேயே ஓடுகிற டியூப் மைக்குகளும் அபூர்வமாக உண்டு, மேனுவலைப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பவரை அணைத்த பிறகே 7 பின் கேபிளைச் செருகவோ கழற்றவோ வேண்டும். உள்ளே 100 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது.

விலை குறைந்த டியூப் மைக் ஒன்று வாங்கினேன். குரல் மென்மையாக வரும் என்றார்கள். ஆனால் "ச", "ஸ" எல்லாம் காதைக் குத்துகிறது. பழைய ஜெர்மன் வால்வு மாற்றினால் சரியாகுமா? (கோவை வாசகர்)

ஆகாது. அந்த வால்வுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதே கதையோடு கடிதங்கள் வந்துகொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காப்ஸ்யூலிலிருந்து வரும் சிக்னல் மிக மிக உயர்ந்த இம்பீடன்ஸில் (மின்தடை மாதிரி ஒன்று) இருக்கும். அதை அப்படியே நீளக் கேபிளில் அனுப்ப முடியாது. வால்வு அதை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வெளியே போகிற நிலைக்குக் கொண்டுவருகிறது. மைக்கில் வால்வின் முதல் வேலை இதுதான். வீட்டில் ஒருவர் பாடுகிற அளவுக்கு அது திணறுவதே இல்லை. திணறினால்தானே எல்லாரும் சொல்லும் அந்தக் கதகதப்பான டிஸ்டார்ஷன் (ஒலி லேசாகத் திரிவது) வரும்? நீங்கள் கேட்பதில் பெரும் பங்கு காப்ஸ்யூலுடையது. அப்புறம் அதைச் சுற்றியுள்ள வலைக்கூண்டு, டிரான்ஸ்ஃபார்மர், சர்க்யூட்.

ஜெர்மனியின் நியூமன் நிறுவனத்துடைய யு47 டியூப் மைக் 1949இல் வந்தது. அதில் இருந்த டெலிஃபுங்கன் விஎஃப்14 வால்வின் தயாரிப்பு நின்றதும் வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1960இல் ஈஎஃப்86 வால்வோடு யு67 வந்தது. அந்த யு67-க்குள் இருக்கும் கே67 காப்ஸ்யூல் இயல்பிலேயே ட்ரெபிள் தூக்கலானது. தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். சர்க்யூட்டில் அந்த ட்ரெபிளைக் கீழே இறக்கிச் சமன் செய்தார்கள். இன்றைய மலிவு மைக்குகள் பலவற்றில் கே67 மாதிரியில் செய்த காப்ஸ்யூல் இருக்கும், அதை இறக்கும் சர்க்யூட் இருக்காது. உங்கள் காதைக் குத்துவது அதுவாகத்தான் இருக்கும். எந்த ஊர் வால்வைப் போட்டாலும் அந்தக் குத்தல் அப்படியே இருக்கும். வால்வு தெரிய ஜன்னல் வெட்டி, பின்னால் ஆரஞ்சு எல்இடி வைத்து விற்பவர்கள் காப்ஸ்யூலைப் பற்றி ஒரு வரியாவது எழுதலாம். எழுதுவதில்லை. அதை நம்பிப் புதிதாகப் பாட வருகிற பிள்ளைகள் சேமிப்பைக் கொட்டுகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் 20 டிகிரி போலத் திருப்புங்கள். தூரம் ஒரு சாண். "ஸ" ஒலியை அடக்கும் டி-எஸ்ஸர் எஃபெக்டை 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்துப் பாருங்கள். அறையில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருந்தால் அதுவும் "ஸ"வைக் கூர்மையாக்கும். முதலில் அறை. இத்தனைக்குப் பிறகும் குத்தினால் மைக்கை விற்றுவிடுங்கள். இரைச்சலோ படபடப்போ வந்தால் மட்டும் வால்வு மாற்றினால் போதும்.

மழைக்காலத்தில் மைக் பொரிகிறது. வால்வு போய்விட்டதா? (திருவான்மியூர் வாசகர்)

பெரும்பாலும் ஈரம். கடற்கரைக் காற்றின் ஈரம் காப்ஸ்யூலில் படிந்தால் அங்குள்ள மின்னழுத்தம் கசியும், பொரியும் சத்தம் வரும். காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட் இன்னும் நல்லது. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைக்கும் பாப் ஃபில்டர் இல்லாமல் பாடாதீர்கள், எச்சிலும் ஈரம்தான். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகும் பொரிந்தால் வால்வைச் சந்தேகப்படலாம்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் டியூப் மைக் கொண்டுவருகிறார். இங்கே அப்படியே போடலாமா?

பிளக்கை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பவர் சப்ளையின் பின்புறம் 115/230 சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 230-க்குத் தள்ளி, அதற்குச் சொன்ன ஃபியூஸையும் போட்டபின் செருகுங்கள். சுவிட்ச் இல்லை, 115 மட்டும்தான் என்றால் நல்ல ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எர்த் உள்ள மூன்று பின் பாயிண்ட் அவசியம்.

கர்நாடக சங்கீதம் பாடுகிறேன். ரோட் கே2 டியூப் மைக் இரவல் கிடைத்தது. பேட்டர்ன் குமிழை எங்கே வைப்பது?

கார்டியாய்டில் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் நிலை) தொடங்குங்கள், ஒன்றரை அடி தூரத்தில். தாளம் போட்டுத் தலையாட்டிப் பாடும்போது மிக அருகில் இருந்தால் முகம் நகர நகர அடிக்குரல் கூடியும் குறைந்தும் வரும். குமிழைக் கொஞ்சம் ஆம்னி (எல்லாப் பக்க ஒலியையும் வாங்கும் நிலை) பக்கம் திருப்பினால் அந்த ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் அறையின் எதிரொலியும் மின்விசிறியும் உள்ளே வரும். முதலில் அறை என்று ஏன் சொல்கிறேன் என்பது அப்போது தெரியும். எலெக்ட்ரானிக் தம்புராவை ஹெட்போனில் கேளுங்கள், ஸ்பீக்கரில் வைக்காதீர்கள்.

பாடுவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் ஆன் செய்ய வேண்டும்?

20 நிமிடம். முடித்ததும் பவரை அணைத்து, சூடு ஆறிய பிறகு பெட்டியில் வையுங்கள். கேபிளைக் கழற்றுவது அணைத்த பிறகுதான்.