ரசீது இருக்கா? இந்த வாரம் நகராட்சிக் கடிதங்கள்

மழை தொடங்கினால் போதும், என் தபால் பெட்டியை நகராட்சி நிரப்பிவிடுகிறது. மிக்சி, செல்போன் கடிதங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கிறேன். இந்த வாரம் குழாய், குப்பை, சாக்கடை, சாலை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், சிலர் எழுதிய வசவுகளை அச்சில் ஏற்ற முடியாது.

கேள்வி: இரண்டாம் அரையாண்டுச் சொத்து வரியை நவம்பர் 2-ம் தேதி கட்டினேன். 5 சதவீத ஊக்கத்தொகை தர மறுக்கிறார்கள். இது நியாயமா?

அக்டோபர் 31-க்குள் கட்டுகிறவர்களுக்குத்தான் அந்த 5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய். நவம்பர் 2 என்பது அக்டோபர் 31 அல்ல. அடுத்த அரையாண்டுக்கு ஏப்ரல் 30-ஐ காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கேள்வி: இட்லிக் கடை வைத்திருக்கிறேன். குடிநீர் இணைப்புக்கு 18,000 ரூபாய் ஆகும், நகராட்சியில் நானே கட்டிவிடுகிறேன் என்று ஒரு ஃபிட்டர் வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் ஆகிவிட்டது. இணைப்பும் இல்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை. ரசீது கேட்டபோதெல்லாம் "ஆபீசில் இருக்கு" என்றார். நான்தான் முட்டாளா?

இல்லவே இல்லை அம்மா. நகராட்சி வாசலில் நின்றுகொண்டு உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருவரை, அங்கே வேலை பார்ப்பவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நினைப்பில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

முதலில் உங்கள் சொத்து வரி எண்ணை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போய், உங்கள் பெயரில் குடிநீர் இணைப்பு விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா, வைப்புத்தொகை கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. "பார்க்கிறோம்" என்று இழுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பாதிப் பணத்தைக் கட்டிவிட்டு மீதியை அவர் வைத்துக்கொண்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

பணத்தை ஜிபேயில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை. அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள், உங்களுக்கு அதுதான் ரசீது. பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் வீட்டு முகவரிக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் காவல் நிலையத்தில் புகார், கூடவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் 1915-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

கேள்வி: தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. மின்வாரியத்தில் கேட்டால் நகராட்சி என்கிறார்கள். நகராட்சியில் கேட்டால் மின்வாரியம் என்கிறார்கள்.

கம்பமும் கம்பியும் மின்வாரியம், விளக்கு நகராட்சி. கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு 1100-க்கு, அதாவது முதல்வரின் உதவி எண்ணுக்கு, சொல்லுங்கள். "எங்க வீட்டு எதிர்க்கம்பம்" என்று சொன்னால் யார் எதிர், எந்தக் கம்பம் என்று அவர்கள் தேட மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் மெதுவாக வருகிறது. எல்லோரும் டுல்லு மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். நானும் வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த கம்பெனி நல்லது?

எந்த கம்பெனியும் வேண்டாம் தம்பி. நான் 2011-ல் ஒன்று வாங்கினேன். இரண்டாவது வாரமே குழாய் ஆய்வுக்கு வந்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கழற்றும்போது அவர்களில் ஒருவர் "என்ன விலை சார், எந்தக் கடை?" என்று விசாரித்ததுதான் இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் இழுக்கும்போது கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நின்றுவிடும். அது ஒன்று. அதைவிட மோசமானது, மோட்டார் உறிஞ்சும்போது பைப்பில் அழுத்தம் குறைகிறது. எங்காவது ஓட்டை இருந்து, பக்கத்தில் சாக்கடை ஓடினால் அந்தத் தண்ணீரும் உள்ளே வரும். உங்கள் குடத்துக்கும்தான் வரும். சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன தரைத்தொட்டி கட்டுங்கள். தண்ணீர் தானாக இறங்கித் தொட்டியில் சேரட்டும். தொட்டியிலிருந்து மாடிக்கு எந்த மோட்டாரை வேண்டுமானாலும் ஓட்டுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டை மூன்று அடி உயர்த்தித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார்கள். நம்பலாமா?

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். பதில் நீளும், டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2006-ல் நான் வீடு வாங்கியபோது வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். அந்தப் படிகளைப் பார்த்துத்தான் விலையைக்கூட அதிகம் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். இன்று ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறேன். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, சாலைதான் ஏறிவிட்டது. ஐந்து முறை சாலை போட்டார்கள். ஒரு முறைகூடப் பழைய தாரைச் சுரண்டவில்லை. ஜல்லியைக் கொட்டினார்கள், தாரை ஊற்றினார்கள், ரோலர் ஓட்டினார்கள், போய்விட்டார்கள். கடைசி முறை தாருக்கு மேலேயே பேவர் பிளாக். மழைநீர் வடிகால் மூடி இப்போது சாலைக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. தண்ணீர் வடிகாலுக்குப் போவதைவிட என் வீட்டுக் கூடத்துக்கு வருவது அதற்குச் சுலபம்.

பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு உத்தரவு அனுப்பினார். இன்ஜினியர்கள் மில்லிங் என்பது அதைத்தான். பெரிய சாலைகளில் அந்த இயந்திரத்தை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குள் அது வந்ததில்லை. கேட்டால் சந்து குறுகல், இயந்திரம் திரும்பாது என்கிறார்கள். சரி, ஜேசிபி மட்டும் எப்படித் திரும்புகிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆகவே, ஜாக்கிக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு வேலை. உங்கள் தெருவுக்கு அடுத்த சாலைப் பணி அனுமதியாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகியிருந்தால் மதிப்பீட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, சுரண்டும் வேலை அதில் இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். பல இடங்களில் காகிதத்தில் இருக்கும், தெருவில் இருக்காது. உங்கள் காம்பவுண்டுச் சுவரில் இன்றைய சாலை மட்டத்தைப் பெயின்டால் கோடு போட்டு, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தார் லாரி வருவதற்கு முந்தின நாள் கவுன்சிலரிடம் காட்டினால் அதற்கு மதிப்பு உண்டு. லாரி போன மறுநாள் காட்டினால் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார். அடுத்த தடவை என்பது இன்னொரு ஆறு அங்குலம்.

இப்போது உங்கள் ஜாக்கி. பாதிப் பணத்தை முதலிலேயே கொடுக்காதீர்கள். அஸ்திவாரம் தோண்டியதும் ஒரு பங்கு, உயர்த்தியதும் ஒரு பங்கு, கட்டிட வேலை முடிந்ததும் ஒரு பங்கு, ஒரு மழைக்காலம் தாண்டிக் கடைசிப் பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். சுவர் விரிசல் விட்டால் யார் பொறுப்பு, தரை, பைப், வயரிங் யார் செலவு என்பதும் அதிலேயே இருக்கட்டும். அவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்டிட இன்ஜினியரிடம் உங்கள் சுவர் தாங்குமா என்று தனியாகக் கேளுங்கள். எல்லாப் பழைய வீடும் தாங்காது. அவர்கள் முன்பு உயர்த்திய வீடு ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். நேற்று முடித்த வீடு வேண்டாம், இரண்டு மழை கண்ட வீடாக இருக்கட்டும்.

கேள்வி: செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரிக்காரர் கேட்பதைவிட 1,500 ரூபாய் குறைவாக, ஆளை இறக்கிச் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். அடியில் இருக்கும் கசடும் வந்துவிடுமாம். லாபம்தானே?

இல்லை. அந்தத் தொட்டிக்குள் இருக்கும் விஷவாயு சில நிமிடத்தில் ஆளைக் கொன்றுவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்கச் சொல்லும் நீங்களும் குற்றவாளி: முதல் முறையே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி சாக்கடைக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் 1,500 ரூபாய்க்கு லாபம் பார்க்கிறீர்கள்.

செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-க்குக் கூப்பிடுங்கள், அல்லது நகராட்சி உரிமம் உள்ள லாரியைக் கேளுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்றும் கேட்டுவிடுங்கள். "அது எதுக்கு சார் உங்களுக்கு" என்றால் அடுத்த லாரி.

கேள்வி: தனியார் லாரியில் 6,000 லிட்டர் தண்ணீர் வாங்குகிறோம். எங்கள் சம்ப் நீளம் 6 அடி, அகலம் 6 அடி. ஒரு லோடுக்கு நாலரை அடிதான் ஏறுகிறது. அளவு சரியா?

இப்படி அளந்து பார்த்துவிட்டு எழுதுகிற வாசகர் வாரம் ஒருவர் கிடைத்தால்கூட எனக்குப் போதும்.

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். உங்கள் தொட்டியில் ஒரு அடி உயரத்துக்கு 36 கன அடி, அதாவது ஏறக்குறைய 1,020 லிட்டர். நாலரை அடிக்கு 4,600 லிட்டர்கூட வராது. 6,000 லிட்டர் வந்திருந்தால் கிட்டத்தட்ட ஆறு அடி ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொரு லோடிலும் 1,400 லிட்டர் உங்களுக்கு வந்து சேரவில்லை. அடுத்த முறை லாரிக்காரர் முன்னாலேயே டேப்பை இறக்கி அளங்கள். தகராறு செய்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுங்கள். தராசுக்கடையை மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். லிட்டரும் அவர்கள் கணக்குதான்.

கேள்வி: 2014-ல் "பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனை வாங்கினேன். இப்போது அந்தப் பகுதி நகராட்சியில் சேர்ந்துவிட்டது. சாலை இல்லை, விளக்கு இல்லை, வடிகால் இல்லை. வரி மட்டும் கேட்கிறார்கள். நகராட்சி மீது நுகர்வோர் வழக்குப் போடலாமா?

பஞ்சாயத்துத் தலைவருக்கு மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரமே கிடையாது. 2014-லும் கிடையாது. அதை நகர் ஊரமைப்புத் துறைதான் தர வேண்டும். உங்கள் கடிதத்தின் நாலாவது பக்கத்தில், கம்பெனி வேனில் கூட்டிப்போய் பிரியாணி போட்டு, அன்றைக்கே அட்வான்ஸ் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். வரைபடம் கேட்டீர்களா என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலையையும் பூங்கா இடத்தையும் விற்பவர் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் சாலை இன்னும் அந்தப் பழைய கம்பெனியின் பெயரிலேயே இருக்கும். அடுத்தவர் நிலத்தில் நகராட்சி எப்படித் தார் போடும்?

வழக்கு விஷயம். அரசு அமைப்புகளும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவைதான் என்று 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய சேவை என்று ஒன்று இருக்க வேண்டும். சொத்து வரி என்பது வரி, சேவைக்கான விலை அல்ல. வெறும் வரி ரசீதைக் காட்டிச் சாலை கேட்டு அங்கே நிற்க முடியாது. மனை விற்றவர் மீது போயிருக்கலாம், அதற்கான இரண்டு வருடத்தை விட்டுவிட்டீர்கள்.

2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. உங்கள் பத்திரம் அதற்குள் வருகிறது. பக்கத்து மனைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, பத்திரம், வில்லங்கச் சான்று, மனை வரைபடத்துடன் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போங்கள். தனியாளாகப் போனால் ஒரு மனை, சேர்ந்து போனால் ஒரு தெரு.

கேள்வி: சொத்து வரி ரசீது என் பெயரில் இருந்தால் வீடு என்னுடையதுதானே?

இல்லை.

கேள்வி: "நகராட்சியிலிருந்து வருகிறோம், குப்பையைத் தரம் பிரிக்காவிட்டால் அபராதம்" என்று சொல்லி ஒருவர் வீடு வீடாகப் பச்சை, நீலத் தொட்டிகளை ஜோடி 600 ரூபாய்க்கு விற்றார். கட்டாயமா?

பிரிப்பது கட்டாயம். 2016-ம் ஆண்டு விதிகளிலேயே வந்துவிட்டது. அவரிடம் வாங்குவது கட்டாயமில்லை. மக்கும் குப்பைக்கு ஒரு பழைய பெயின்ட் வாளி, மக்காததற்கு ஒரு சாக்கு போதும். நகராட்சி ஆள் என்றால் அடையாள அட்டை இருக்கும், பணத்துக்கு நகராட்சி ரசீது இருக்கும். அவரிடம் இரண்டும் இருந்திருக்காது.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் தெருவுக்கும் வந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்று சொல்லத்தான் ஆசை. நான்தான் வாங்கினேன். மூன்றாவது வாரம் பச்சைத் தொட்டியின் மூடி உடைந்தது. நீலத் தொட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது.