எலக்ட்ரிக் பிரஷ்ல எது வேணும், எது சும்மா? பல் டாக்டர் பதில்கள்

டாக்டர், எலக்ட்ரிக் டூத் பிரஷ் ஒண்ணு வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சேன், இப்ப தலை சுத்துது. அஞ்சு மோடு, ஏழு மோடு, புளூடூத், ஆப், நிமிஷத்துக்கு 40,000 அதிர்வுன்னு ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு போட்டிருக்கான். இதுல நிஜமாவே தேவையானது எது? — ஒரு வாசகர்

மூணே மூணு பாருங்க. அழுத்தினா எச்சரிக்கிற பிரஷர் சென்சார், ரெண்டு நிமிஷ டைமர், அப்புறம் அந்த மாடலுக்கு மாத்து பிரஷ் ஹெட் தடையில்லாம கிடைக்குமாங்கறது. மத்ததெல்லாம் இருந்தா இருக்கட்டும், அதுக்காக ஒரு பைசா கூட அதிகம் குடுக்காதீங்க.

முதல்ல பிரஷர் சென்சார். கையால தேய்ச்சு பழகினவங்க முக்கால்வாசிப் பேர் பாத்திரம் தேய்க்கற மாதிரிதான் பல்லு தேய்ப்பாங்க, அந்தப் பழக்கத்தோடயே மோட்டார் பிரஷ்ஷையும் கையில எடுத்தா வம்புதான். அழுத்த அழுத்த சுத்தம் அதிகமாகாது, பிரிஸில், அதாவது பிரஷ்ஷோட நார், மடங்கிப் போய் அதோட அசைவே குறைஞ்சிடும், ஆனா ஈறுல மட்டும் உரசல் ஏறிக்கிட்டே இருக்கும். இது வருஷக் கணக்குல நடந்தா ஈறு கீழ இறங்கி வேர் வெளிய தெரியும், குளிர்ந்த தண்ணி பட்டா சுள்ளுன்னு கூசும். இறங்கின ஈறு தானா திரும்ப மேல ஏறாதுங்க, அதுக்கு சர்ஜரி வரைக்கும் போக வேண்டி வரும். அதனாலதான் இதை முதல்ல வெச்சேன். பொதுவா 150 கிராம் அளவு அழுத்தம் போதும்னு சொல்வோம், அது எவ்வளவுன்னு தெரியணும்னா சமையல் தராசுல பிரஷ்ஷை வெச்சு அமுக்கிப் பாருங்க, இவ்வளவு லேசாவான்னு ஆச்சரியமா இருக்கும்.

சென்சார்லயும் ஒரு விஷயம் கவனிங்க. சிலதுல சிவப்பு லைட் பிரஷ்ஷோட பின்பக்கம் இத்துனூண்டா எரியும், வாய்க்குள்ள பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு அதை எங்க பாக்கறது? கைப்பிடியைச் சுத்தி வளையமா எரியற லைட், இல்லன்னா அழுத்தினா மோட்டார் சத்தமே மாறி வேகம் குறையற மாதிரி இருக்கறது, இதுதான் உபயோகம்.

டைமர் இப்ப அநேகமா எல்லாத்துலயும் வந்துடுச்சு. 30 செகண்டுக்கு ஒரு தடவை லேசா விட்டு விட்டு அதிர்ற மாதிரி இருந்தா இன்னும் நல்லது, வாயை நாலு பாகமா பிரிச்சு மேல வலது, மேல இடது, கீழ இடது, கீழ வலதுன்னு மாறிக்கலாம். ரெண்டு நிமிஷம் தேய்க்கறேன் டாக்டர்னு அடிச்சு சொல்றவங்களை கடிகாரம் வெச்சுப் பாத்தா நிறைய பேர் ஒரு நிமிஷத்தைக்கூட தாண்ட மாட்டாங்க.

மூணாவது பிரஷ் ஹெட். கைப்பிடி சில வருஷம் ஓடும், ஹெட்டை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும், பிரிஸில் அதுக்கு முன்னாடியே விரிஞ்சிட்டா அப்பவே மாத்தணும். அப்ப வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு நாலு ஹெட், செலவு கைப்பிடியில இல்ல, இங்கதான். அதனால கைப்பிடியோட விலையைப் பாக்கறதுக்கு முன்னாடி ஹெட்டோட விலையைப் பாருங்க, தேடினா கிடைக்குதான்னு பாருங்க. பேரே கேள்விப்படாத கம்பெனி பிரஷ்ஷை தள்ளுபடியில வாங்கிட்டு, ஆறு மாசம் கழிச்சு ஹெட் கிடைக்காம கைப்பிடியை அலமாரியில போட்டு வெச்சிருக்கவங்க நிறைய பேர். சாஃப்ட் பிரிஸில், முனை உருண்டையா மழுங்கினது, அளவுல சின்ன ஹெட், இதுதான் வேணும். மீடியம், ஹார்டு பக்கமே போகாதீங்க.

மோடு கதை சுலபம். உள்ள இருக்கறது ஒரே மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஆளுக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க. வொயிட்டனிங் மோடுன்னா டீ, காபி கறை மேலாப்புல கொஞ்சம் போகும், பல்லோட சொந்த நிறம் மாறாது. சாதா வேகம் ஒண்ணு, மெதுவான வேகம் ஒண்ணு இருந்தா தாராளம்.

சுத்தற பிரஷ் நல்லதா, சோனிக் நல்லதா? வீட்டுல எனக்கும் வீட்டுக்காரருக்கும் இதுல ஒரே வாக்குவாதம். — ஒரு வாசகி

ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க் போட்டுடறேன், சண்டை வேணாம்.

சுத்தறதுன்னு சொல்றோமே தவிர அது முழுசா சுத்தாது, வட்டமான சின்ன ஹெட் வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம்னு மாறி மாறித் திரும்பும். சோனிக் பாக்கறதுக்கு சாதா பிரஷ் மாதிரியே நீளமா இருக்கும், ஆனா பக்கவாட்டுல படு வேகமா அதிரும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற காக்ரேன் அமைப்பு 2014ல 56 ஆய்வுகளை, மொத்தம் 5,000 பேருக்கு மேல கலந்துகிட்டதை, ஒண்ணா சேத்து அலசினாங்க. கைப்பிரஷ்ஷை விட எலக்ட்ரிக் பிரஷ்ல, மூணு மாசத்துக்கு மேல பயன்படுத்தினவங்களுக்கு பல்லுல ஒட்டற அழுக்குப் படலம் 21 சதவீதம் குறைஞ்சிருந்தது, ஈறு வீக்கம் 11 சதவீதம் குறைஞ்சிருந்தது. அந்த ஆய்வுகள்ல அதிகமா இருந்தது திரும்பித் திரும்பி சுத்தற வகைதான், அதனால அதுக்குத்தான் சான்று கூடுதலா இருக்கு. ஆனா எலக்ட்ரிக் வகைகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டா வர்ற வித்தியாசம் ரொம்ப சின்னது, வாயில அது தெரியுமாங்கறதே சந்தேகம்.

அப்ப எதை வெச்சு முடிவு பண்றது? உங்க வாய்க்கு எது ஒத்து வருதோ அதை வெச்சுத்தான். வட்ட ஹெட் சின்னதா இருக்கறதால கடைசி கடவாய்ப்பல் பின்னாடி வரைக்கும் போகும், ஆனா சத்தம் ஜாஸ்தி, பல்லுல லேசா தட்டற மாதிரி இருக்கும். சோனிக் சத்தம் கம்மி, ஆனா முதல் சில நாள் மூக்கு நுனி வரைக்கும் கிச்சுக்கிச்சு மூட்டும், சிலருக்கு அது சுத்தமா பிடிக்காது.

நிமிஷத்துக்கு இத்தனை ஆயிரம்னு போடற நம்பரை மட்டும் நம்பி வாங்காதீங்க. 31,000னு போட்டிருந்தா போக ஒண்ணு வர ஒண்ணுன்னு எண்ணியிருப்பாங்க, கணக்குப் பாத்தா செகண்டுக்கு கிட்டத்தட்ட 260 தடவை போய் வருது, அவ்வளவுதான். அதே மாதிரி மோட்டாருக்கு இன்னொரு அட்டையில 62,000னு இருக்கும், எதை ஒரு அசைவுன்னு எண்றாங்கங்கறதுதான் வித்தியாசம், பல்லுக்கு ஒண்ணும் கூடுதலா கிடைக்கல. இன்னொண்ணு, சோனிக்ல தண்ணி வேகமா கலங்கி பிரிஸில் படாத இடத்தையும் சுத்தம் பண்ணும்னு சொல்றாங்க. லேப்ல காட்டியிருக்காங்க, சரி, ஆனா அதை நம்பி பல் இடுக்கை சுத்தம் பண்ற நூலையோ குட்டி பிரஷ்ஷையோ தூக்கிப் போட்டுடாதீங்க.

அப்ப கைப்பிரஷ் வெச்சிருக்கவங்க எல்லாம் முட்டாளா டாக்டர்? — சாதா பிரஷ் ரசிகர்

இல்லவே இல்ல. ஒழுங்கா ரெண்டு நிமிஷம், லேசா, எல்லா பக்கமும் தேய்க்கத் தெரிஞ்சவங்களுக்கு கைப்பிரஷ்ஷே போதும். அமெரிக்கன் டென்டல் அசோசியேஷனும் ரெண்டுமே நல்லா வேலை செய்யும்னுதான் சொல்லுது. உங்க ஈறு நல்லா இருக்குன்னு உங்க டாக்டர் சொன்னா காசை மிச்சம் பண்ணுங்க.

அம்மாவுக்கு 70 தாண்டிடுச்சு. விரல் மூட்டெல்லாம் வலி, பிரஷ்ஷைப் பிடிக்கவே கஷ்டப்படறாங்க. நெஞ்சுல பேஸ்மேக்கர் வேற இருக்கு. எலக்ட்ரிக் பிரஷ் வாங்கிக் குடுக்கலாமா? — ஒரு மகள்

எலக்ட்ரிக் பிரஷ்ஷே இவங்களை மாதிரி ஆளுங்களுக்காக வந்ததுதாம்மா. 1954ல சுவிட்சர்லாந்துல பிராக்ஸோடென்ட்னு வந்த ஆரம்ப கால எலக்ட்ரிக் பிரஷ், கை சரியா வராதவங்களுக்கும் பல்லுல கம்பி போட்டிருக்கவங்களுக்கும்னுதான் செஞ்சாங்க. அதுக்கு வயரெல்லாம் உண்டு, சுவத்துல சொருகிக்கிட்டே தேய்க்கணும்.

அம்மாவுக்குப் பாக்கும்போது மேல சொன்ன மூணோட இன்னும் சிலது சேத்துக்கோங்க. கைப்பிடி கொஞ்சம் பருமனா, ரப்பர் பிடிப்போட, ஆனா கனமில்லாம இருக்கணும். பட்டன் ஒண்ணே ஒண்ணு, பெருசா, ஈர விரலால அமுக்கினாலும் வேலை செய்யறதா. சில மாடல்ல ஆஃப் பண்ணணும்னா எல்லா மோடையும் ஒவ்வொண்ணா தாண்டித்தான் போகணும், வயசானவங்களுக்கு அது பெரிய தொல்லை, வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கண்டிப்பா கேட்டுக்கோங்க. சார்ஜர் மேல சும்மா நிக்க வெச்சாலே சார்ஜ் ஏறற வகை நல்லது, குட்டி வயரைத் தேடி ஓட்டையில சொருகற வகை மூட்டு வலிக்காரங்களுக்கு ஆகாது. ஹெட்டை இழுத்துக் கழட்டவும் கொஞ்சம் பலம் வேணும், அதை நீங்க செஞ்சு குடுத்துடுங்க.

பேஸ்மேக்கர் விஷயத்துல என் வார்த்தையை வெச்சு முடிவு பண்ணாதீங்க, இதய டாக்டர்கிட்ட மாடலைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பிரஷ்ஷுக்குள்ளயும் சார்ஜர்லயும் காந்தப்புலம் இருக்கும், பிரஷ் கம்பெனிகளே அவங்க கையேட்டுல டாக்டரைக் கேட்டுட்டு பயன்படுத்துங்கன்னு போட்டிருப்பாங்க. டாக்டர் சரின்னு சொன்னாலும் பிரஷ்ஷை சட்டைப் பையில போட்டுக்கறது, சார்ஜரை நெஞ்சுக்கிட்ட கொண்டு வர்றது, ரெண்டும் வேணாம்.

வாங்கி ஒரு வாரம்தான் ஆச்சு, துப்பும்போது ரத்தம் வருது. பிரஷ் சரியில்லையா? — பயந்து போன வாசகர்

பயப்படாதீங்க. அநேகமா ஈறுல வீக்கம் முன்னாடியே இருந்திருக்கும், இத்தனை நாள் படாத இடத்துல இப்பதான் பிரிஸில் படுது. விடாம லேசா தேய்ச்சா கொஞ்ச நாள்ல குறையும். ரெண்டு வாரம் தாண்டியும் வந்தா டாக்டரைப் பாருங்க, ஏன்னா பல்லுல காரை, அதாவது கெட்டிப்பட்ட அழுக்கு, கட்டியிருந்தா அது எந்த பிரஷ்ஷுக்கும் மசியாது, டாக்டர் கருவி வெச்சு சுரண்டி எடுக்கற ஸ்கேலிங்தான் பண்ணணும்.

தேய்க்கற விதத்தையும் ஒரு தடவை சரி பாத்துக்கோங்க. பேஸ்ட்டை வெச்சு, பிரஷ்ஷை வாய்க்குள்ள கொண்டு போயிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க, இல்லன்னா கண்ணாடி பூரா தெறிக்கும். முன்னும் பின்னும் ஆட்டவே கூடாது, ஈறும் பல்லும் சேர்ற இடத்துல லேசா சாய்ச்சு வெச்சு ரெண்டு மூணு செகண்டு அப்படியே பிடிச்சுட்டு அடுத்த பல்லுக்கு நகத்துங்க. வெளிப்பக்கம், உள்பக்கம், கடிக்கற பக்கம், மூணும். கீழ் முன்பல்லோட உள்பக்கத்தை எல்லாரும் விட்டுடுவாங்க, காரை முதல்ல சேர்ற இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

ஒரே கைப்பிடியை வீட்டுல நாலு பேரும் பயன்படுத்தலாமா? குழந்தைக்கு எத்தனை வயசுல குடுக்கலாம்?

ஆளுக்கு ஒரு ஹெட் இருந்தா கைப்பிடி பொதுவா இருக்கலாம், நிறைய ஹெட்ல அடையாளத்துக்கு கலர் வளையம் போட்டே வருது. ஆனா காலையில எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பற வீடுன்னா இது சரிப்படாது.

குழந்தைங்களுக்கு அவங்களுக்குன்னு வர்ற சின்ன ஹெட்தான், அநேக கம்பெனி மூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கும், அட்டையைப் பாத்துக்கோங்க. மூணுலருந்து ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஏழு எட்டு வயசு வரைக்கும் கடைசி ஒரு சுத்து நீங்களே தேய்ச்சு விடுங்க, மோட்டார் இருக்கறதால குழந்தை தானா நல்லா தேய்ச்சுக்கும்னு விட்டுடக் கூடாது.

வாய்க்குள்ள மொத்தமா வெச்சு கடிச்சுக்கற யு வடிவ பிரஷ் விளம்பரத்துல வருதே?

வேணாம். எல்லார் பல்வரிசையும் ஒரே அளவு இல்ல, பிரிஸில் ஈறு ஓரத்துல ஒழுங்கா உக்காராது.

பேட்டரி, தண்ணி, யுவி டப்பா, ஆப், இதெல்லாம் பத்தி சொல்லவே இல்லையே? — விடாக்கண்டன்

சொல்றேன். லித்தியம் அயான் பேட்டரின்னா ஒரு சார்ஜுல ரொம்ப நாள் வரும், பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைன்னா அடிக்கடி போடணும், ரெண்டுலயும் பல்லு சுத்தமாகறது ஒண்ணுதான். சாதா ஏஏ செல் போடற மலிவு வகைல அதிர்வு பொதுவா பலவீனமா இருக்கும், செல் இறங்க இறங்க இன்னும் மந்தமாகும். சார்ஜ் ஏத்தற மாடல் அநேகமா எல்லாத்துலயும் பேட்டரி உள்ளேயே மூடி இருக்கும், அது போச்சுன்னா பிரஷ்ஷும் போச்சு, அதனால வாரன்டி எத்தனை வருஷம்னு பாருங்க. தூக்கிப் போடும்போது குப்பையோட போடாம எலக்ட்ரானிக் கழிவு வாங்கற இடத்துல குடுங்க. வெளிநாடு போறவங்க சார்ஜர்ல 100–240 வோல்ட்டுன்னு இருக்கான்னு பாத்துக்கணும், சிலது ஒரே வோல்ட்டேஜ்லதான் வேலை செய்யும்.

தண்ணி எவ்வளவு தாங்கும்னு சொல்ற குறியீடு ஐபிஎக்ஸ்7னு போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், குளிக்கும்போது தேய்க்கறவங்களுக்கு அது போதும். புற ஊதா ஒளியால ஹெட்ல கிருமியைக் கொல்ற யுவி டப்பா தேவையில்ல. தேய்ச்சு முடிச்சதும் ஹெட்டைக் கழட்டி, உள்பக்கமும் கைப்பிடி மேல நீட்டிட்டு இருக்கற கம்பியும் ரெண்டையும் கழுவி, திறந்த இடத்துல நிமித்தி காய வைங்க. கழட்டாமயே விட்டீங்கன்னா உள்ள கருப்பா வழவழன்னு ஒண்ணு சேரும், ஒரு நாள் கழட்டிப் பாத்தீங்கன்னா அப்புறம் தினமும் கழட்டுவீங்க. மூடி போட்டு ஈரத்தோட வைக்கறது அதை விட மோசம்.

ஆப் எந்த இடத்தை விட்டுட்டீங்கன்னு படம் போட்டுக் காட்டும். ஈறு நோய்க்கு சிகிச்சையில இருக்கறவங்களுக்கும் தேய்க்கப் படுத்தற பசங்களுக்கும் ஆரம்பத்துல கொஞ்ச நாள் உதவும், என்கிட்ட வர்றவங்கள்ல அதுக்கப்புறமும் அதைத் திறந்து பாக்கறவங்க குறைவு. பல்லு தேய்க்க அக்கவுண்ட் தொடங்கு, லொகேஷன் குடுன்னு கேட்டா குடுக்காதீங்க, அதெல்லாம் இல்லாமயே பிரஷ் ஓடும்.